120 கிலோவும் அப்பாவின் தராசும்

என் பெயருக்கு எதிரே மூன்று கட்டங்கள். மூன்றிலும் 120 என்று எழுதி, மூன்றையும் கோடு போட்டு அடித்திருந்தார்கள். அவற்றுக்கு அடுத்து, முடிவு எழுதும் கடைசிக் கட்டத்தில் எண்ணே இல்லை. மலேசியாவின் ஈப்போவில் நடந்த அந்தப் பெஞ்ச் பிரஸ் போட்டி (பெஞ்சில் மல்லாந்து படுத்து, எடைக் கம்பியை நெஞ்சுவரை இறக்கி மேலே தள்ளுவது) முடிந்து இரண்டு வருடம் ஆகப்போகிறது. இப்போதுதான் எழுத மனம் வந்தது. முதல் போட்டிக்குத் தயாராகிற தம்பி தங்கைகள் யாராவது படித்தால் போதும்.

நான் சுங்கை சிப்புட்காரன். ஊரைச் சுற்றி ஒரு காலத்தில் பால்மரம் என்கிற ரப்பர், இப்போது எண்ணெய் எடுக்கும் செம்பனை. அப்பா இளவயதில் பால்மரம் சீவியவர், பிறகு குலை வெட்டியவர். நான் லோரியில் குலை ஏற்றும் வேலைக்குப் போனவன். ஒரு குலை 15, 20 கிலோ இருக்கும். கூரான இரும்பால் குத்தித் தலைக்கு மேலே வீச வேண்டும். அந்த வேலையில் வந்ததுதான் இந்தத் தோளும் கையும். தோட்டத்து வரிசை வீடான லயத்துக்குப் பின்னால் பெரிய பால் டின்களில் சிமெண்ட் ஊற்றி, பழைய தண்ணீர்க் குழாயைச் சொருகி, பலகைமேல் படுத்துத் தூக்கிப் பழகினேன். பிறகு டவுனில் ஒரு கடையின் மாடியில் ஜிம் திறந்தார்கள். அங்கே போய் நான்கு வருடத்தில் 125 கிலோ தூக்கினேன். பையன்கள் என்னை “நூத்தி இருபத்தஞ்சு அண்ணே” என்றே கூப்பிட்டார்கள். அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருந்தது.

போட்டிக்குப் பதிவு செய்தது 74 கிலோ பிரிவில். முந்தின நாள் மாலை என் எடை 75.6. இரவுச் சாப்பாட்டை விட்டேன், தண்ணீரை விட்டேன். காலையில் காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு, இரண்டு சட்டை போட்டு வியர்க்க உட்கார்ந்தேன். எடை பார்க்கும்போது 73.8. அப்போதே எதையோ ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது. எடை பார்ப்பது போட்டி தொடங்குவதற்கு இரண்டு மணி நேரம் முன்புதான். அந்த நேரத்துக்குள் போன தெம்பு திரும்பி வராது என்று சொல்ல எனக்கு ஆள் இல்லை.

விதி தெரியாதவர்களுக்காக ஒரு விஷயம். ஒருவருக்கு மூன்று வாய்ப்பு. முதல் வாய்ப்பு தவறிப்போனால் எடையைக் குறைக்க முடியாது. அதே எடை, இல்லாவிட்டால் அதற்கு மேல். மூன்றும் தவறினால் போட்டியிலிருந்தே வெளியே. அதனால் முதல் எடை என்பது தூக்கத்தில் எழுப்பினாலும் தூக்கக்கூடியதாக இருக்க வேண்டும். ஜிம்மில் 125 தூக்கியவனுக்கு 120 சுலபம் என்று கணக்குப் போட்டு, அதையே முதல் எடையாக எழுதிக் கொடுத்தேன்.

மேடையில் படுத்ததும் முதலில் உறைத்தது கம்பியின் சொரசொரப்பு. எங்கள் ஜிம் கம்பி தேய்ந்து வழவழவென்று இருக்கும். இது உள்ளங்கையைக் கடித்தது. இரண்டு பக்கமும் தட்டுகள் நான் பழகிய மாதிரி இல்லை: ஒரு சிவப்பு, ஒரு நீலம், ஒரு சின்னத் தட்டு, அப்புறம் தட்டு நழுவாமல் பிடிக்கும் கனமான பூட்டு. போட்டியில் ஒரு பூட்டு 2.5 கிலோ, இரண்டு பூட்டும் கணக்கில் சேரும். பக்கத்துக்கு 50 கிலோ தட்டைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது 120 மாதிரியே தெரியவில்லை. தலைமாட்டில் இருந்த தலைமை நடுவர் “ஸ்டார்ட்” என்றார். கம்பியை இறக்கினேன். நெஞ்சில் பட்டது. பட்ட வேகத்தில் தள்ளினேன். பல்லைக் கடித்துக்கொண்டு மேலே கொண்டுபோய்விட்டேன். கத்திக்கொண்டே எழுந்து திரும்பிப் பார்த்தால் மூன்று சிவப்பு விளக்கு. மூன்று நடுவர்களும் செல்லாது என்றுவிட்டார்கள்.

கம்பி நெஞ்சில் அசையாமல் நின்ற பிறகு நடுவர் “பிரஸ்” என்பார். அதைக் கேட்ட பிறகுதான் தள்ள வேண்டும். அவர் சொல்லவே இல்லை, அதற்குள் என் கம்பி மேலே போயிருந்தது. விதி எனக்குத் தெரியும். புத்தகத்தில் படித்திருந்தேன். ஆனால் நான்கு வருடத்தில் ஒரு நாள்கூட அதைச் செய்து பார்த்ததில்லை.

அடுத்த எடையைச் சொல்ல ஒரு நிமிடம்தான். 120 என்றே சொன்னேன். இரண்டாவது முறை காத்திருந்தேன். “பிரஸ்” வந்தது. கம்பி ஒரு சாண்கூட ஏறவில்லை. மூன்றாவது முறை நெஞ்சைவிட்டே கிளம்பவில்லை. பக்கத்தில் நின்றவர்கள் பிடித்துத் தூக்கினார்கள். அந்த நேரத்தில் கூரையில் ஓடிய மின்விசிறியை நான் பார்த்துக்கொண்டிருந்தது இன்னும் நினைவில் இருக்கிறது.

அப்பாவும் வந்திருந்தார். அம்மா கட்டிக்கொடுத்த சோறும் நெத்திலி சம்பலும் அவர் மடியில் இருந்தது. காரில் உட்கார்ந்துதான் சாப்பிட்டேன். செம்மோர் தாண்டும்வரை இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அப்புறம் அவர் கேட்டார்:

“மத்தவங்க எல்லாம் கம்பிய நெஞ்சுல வச்சு ஒரு மூச்சு நிக்கிறாங்க. நீ நிக்கலையேப்பா?”

பதில் சொல்லவில்லை. கந்தான் சுண்ணாம்புமலைப் பக்கம் வந்ததும் மறுபடி கேட்டார்:

“உங்க ஜிம்முல இருக்கிற கம்பிய எப்பவாச்சும் நிறுத்துப் பாத்திருக்கியா?”

எனக்குக் கோபம் வந்தது. கம்பி என்றால் 20 கிலோ, அது உலகத்துக்கே தெரியும் என்றேன். அவர் தன் பாட்டுக்குச் சொன்னார்: “பால் நிறுத்த காலத்துல தராசு முள்ளு நிக்கிற வரைக்கும் நாங்க வாளிய விட்டு நகர மாட்டோம். அவன் சொல்ற கணக்கு வேற, முள்ளு சொல்ற கணக்கு வேற.” கூலி முழுக்க அந்த முள்ளில் இருந்த மனிதர்கள் அவர்கள். எனக்கு அது அன்று புரியவில்லை.

ஒரு வாரம் கழித்து ஜிம் முதலாளியிடம் கேட்டுக் கம்பியையும் தட்டுகளையும் என் லோரியிலேயே ஏற்றி, செம்பனைப் பழம் வாங்கும் இடத்துக்குக் கொண்டுபோனோம். அங்கே சின்ன எடைகளுக்கென்று வைத்திருந்த மின்தராசில் அப்பா ஒவ்வொன்றாக வைத்தார். வைத்து, எண் நிற்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு நின்று, பிறகு வாய்விட்டுச் சொன்னார். நான் எழுதினேன். கம்பி 17.5. 20 என்று பொறித்த தட்டுகள் நான்கும் 19.2. 10 கிலோ தட்டு இரண்டும் 9.7. இரண்டரை மட்டும் சரியாக இருந்தது. கூட்டிப் பார்த்தேன். நான் தூக்கிய 125 உண்மையில் 118.7.

அதாவது, வாழ்நாளில் ஒரு முறைகூடத் தூக்காத எடையை, பட்டினி கிடந்த உடம்போடு, முதல் வாய்ப்புக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். கம்பியை நெஞ்சில் நிறுத்தவும் இல்லை, அந்தக் கம்பியை முன்பே நிறுத்துப் பார்க்கவும் இல்லை. லோரி ஓரத்தில் உட்கார்ந்து அழுதேன். அப்பா தட்டுகளை ஏற்றிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு செய்ததைச் சொல்கிறேன். கம்பியை நெஞ்சில் அசையாமல் நிறுத்திவிட்டுத் தள்ளும்போது எவ்வளவு வருகிறது என்று பார்த்தேன். 100 கிலோவுக்கே திணறினேன். இறங்குகிற வேகத்தில் தசை ரப்பர் பட்டை மாதிரி இழுபட்டு, திரும்புகிற வேகத்தில் கம்பியையும் கொஞ்சம் தூக்கிக் கொடுக்கும். ஒரு வினாடி நிறுத்தினால் அந்த உதவியில் பெரும்பகுதி போய்விடும், மிஞ்சுவது கிட்டத்தட்ட நம் பலம் மட்டும். அதை ஏற்றுக்கொள்ள ஒரு மாதம் ஆனது.

நானே மனதுக்குள் எண்ணி நிறுத்துவதும் போதவில்லை. நாம் எண்ணினால் நமக்கு வசதியாகத்தான் எண்ணுவோம். இன்னொருவர் குரலுக்குக் காத்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவை ஜிம்முக்கு அழைத்துப்போனேன். தலைமாட்டில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. “ஸ்டார்ட்”, “பிரஸ்”, கம்பியைத் தாங்கியில் திரும்ப வைக்கச் சொல்லும் “ரேக்”, மூன்று சொல் கற்றுக்கொண்டார். ஒரு நாள் ஒரு வினாடியில் சொல்வார். இன்னொரு நாள் மூன்று வினாடி விடுவார். கம்பி கொஞ்சம் ஆடினாலும் வாயைத் திறக்க மாட்டார். “அசையுதுப்பா” என்பார், அவ்வளவுதான். 90 கிலோ நெஞ்சில் இருக்கும்போது அப்பாவின் மூச்சுச் சத்தம் கேட்டுக்கொண்டு படுத்திருந்த அந்தக் காத்திருப்பை என்னால் எழுத்தில் கொண்டுவர முடியவில்லை.

சரவாக்கைச் சேர்ந்த பொன்னி புன்யாவ் குஸ்டின் 2021இல் நடந்த தோக்கியோ பாராலிம்பிக்கில், இதே மாதிரி படுத்துத் தூக்கும் போட்டியில், 72 கிலோ பிரிவில் 228 கிலோ தூக்கித் தங்கம் வென்றார். 2024இல் பாரிஸில் 232. தோக்கியோ காணொளியை நான் பத்து முறையாவது பார்த்திருப்பேன். தட்டுகளை எண்ணத்தான் பார்த்தேன். அப்பாவோடு உட்கார்ந்து பார்த்த அன்றுதான் 228 கிலோ ஒரு மனிதனின் நெஞ்சில் அசையாமல் நிற்பதைப் பார்த்தேன். அப்பா நிறுத்தச் சொல்லி மறுபடி போடச் சொன்னார்.

பத்து மாதம் கழித்து மறுபடி போட்டி. இந்த முறை பட்டினி இல்லை. மாதக்கணக்கில் மெதுவாக 73.4க்கு வந்திருந்தேன். முதல் எடை 100, மூன்று வெள்ளை. 107.5, மூன்று வெள்ளை. 112.5க்கு இரண்டு வெள்ளை, ஒரு சிவப்பு. மூன்றில் இரண்டு வெள்ளை இருந்தால் செல்லும். பதக்கம் கிடைக்கவில்லை. ஆனால் என் பெயருக்கு எதிரே கடைசிக் கட்டத்தில் ஓர் எண் இருந்தது.

இதைப் படித்துவிட்டுக் கூலிமிலிருந்து ஓர் அக்கா எழுதியது:

தம்பி, படித்து முடித்ததும் எழுதுகிறேன். நானும் முதல் போட்டியில் மூன்று சிவப்பு வாங்கியவள்தான், ஆனால் காரணம் வேறு. நான் குள்ளம். பெஞ்சின் உயரம் 42இலிருந்து 45 சென்டிமீட்டர்வரை இருக்கும். அதில் படுத்தால் என் பாதம் தரையில் முழுசாகப் பதியாது. நுனிக்காலில் ஊன்றித் தள்ளினேன், இடுப்பு பெஞ்சைவிட்டு எழுந்தது. ஒவ்வொரு முறையும் அதேதான். காலுக்குக் கீழே தட்டோ கட்டையோ வைத்துக்கொள்ளலாம், 30 சென்டிமீட்டர் உயரம்வரை அனுமதி உண்டு என்று போட்டி முடிந்த பிறகு பக்கத்தில் இருந்த ஒரு பெண் சொல்லித்தான் தெரிந்தது. கேட்கக் கூச்சப்பட்டு ஒரு வருட உழைப்பைத் தொலைத்தேன். புதிதாக வருகிற பெண்பிள்ளைகளே, எடை பார்க்கப் போகும்போதே பெஞ்சில் ஒரு தடவை படுத்துப் பாருங்கள். கட்டை வேண்டுமென்றால் அங்கேயே வாய்விட்டுக் கேளுங்கள். யாரும் உங்களைக் குறைவாக நினைக்க மாட்டார்கள்.

சிரம்பானிலிருந்து ஒருவர்:

நான் தூக்குகிறவன் இல்லை, மேடையில் தட்டு ஏற்றுகிறவன். எங்கள் பக்கத்திலிருந்து ஒன்று. தூக்குகிறவர் திணறும்போது கம்பியைப் பிடித்துவிட மனசு துடிக்கும். ஆனால் நடுவர் சொல்லும்முன் எங்கள் விரல் கம்பியில் பட்டால் அந்தத் தூக்கு செல்லாது. கைகளைக் கம்பிக்கு அடியில் விரித்து வைத்துக்கொண்டு, தொடாமல் நிற்போம். உங்கள் மூன்றாவது வாய்ப்பு மாதிரியான நேரங்கள் எங்களுக்கும் கஷ்டம்தான் அண்ணே. ஒன்று கேட்க வேண்டும்: நிறுத்துப் பார்த்த பிறகு அந்த ஜிம் கம்பி என்ன ஆனது?

மீண்டும் நான்:

அக்கா, கட்டை விஷயம் எனக்கே தெரியாது. எங்கள் ஜிம்மில் இப்போது இரண்டு பெண்பிள்ளைகள் வருகிறார்கள், நாளைக்கே சொல்கிறேன்.

தம்பி, கம்பி அங்கேயேதான் இருக்கிறது. புதிது வாங்க முதலாளிக்கு வசதி இல்லை, நாங்களும் வற்புறுத்தவில்லை. அப்பா ஒரு சின்ன டின் வெள்ளைப் பெயிண்ட் வாங்கி வந்து, கம்பியின் முனையில் 17.5 என்று எழுதினார். பிறகு தட்டுகளைச் சுவரில் சாத்தி, ஒவ்வொன்றிலும் தராசு காட்டிய எண்ணை எழுதினார். பெரிய பெரிய எழுத்து, காயும்வரை யாரையும் தொடவிடவில்லை. இப்போது புதிதாக வருகிற பையன்கள் பெஞ்சுப் பக்கத்தில் நின்று 19.2, 19.2, 9.7 என்று விரல்விட்டுக் கூட்டிக்கொண்டிருக்கிறார்கள்.