ஏர் ஃபில்டர் கறுத்துவிட்டது: உடனே மாற்ற வேண்டுமா?

கேட்டவர்:
வணக்கம். காரை சர்வீஸுக்கு விட்டிருக்கிறேன். ஏர் ஃபில்டர் கறுத்துவிட்டது, மாற்றியே ஆக வேண்டும் என்கிறார்கள். சென்ற சர்வீஸில்தான் அதைக் காற்றடித்துச் சுத்தம் செய்து கொடுத்தார்கள். அதற்குப் பிறகு பிக்கப் குறைந்தாற்போலவும் தோன்றுகிறது. எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்ற வேண்டும் என்பதைத் தெரிந்தவர்கள் விரைவாகச் சொல்லுங்கள். அவர்களுக்கு இன்றே பதில் சொல்ல வேண்டும்.

டீசல் ஓட்டி:
பெட்ரோலா, டீசலா? இந்த ஃபில்டர் போட்டு எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது? இஞ்சினுக்குப் போகும் காற்றை வடிகட்டும் ஃபில்டரைச் சொல்கிறீர்களா, ஏசிக்கு உரிய கேபின் ஃபில்டரைச் சொல்கிறீர்களா? பலர் இரண்டையும் ஒரே பெயரால் அழைக்கிறார்கள். கேபின் ஃபில்டர் அடைத்துக்கொண்டால் உள்ளே வரும் காற்றுதான் குறையும். பிக்கப்புக்கும் அதற்கும் தொடர்பில்லை.

நெடுநாள் உறுப்பினர்:
வண்டியோடு கொடுத்த கையேட்டைத் திறந்து பார்த்திருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. மாதந்தோறும் யாராவது ஒருவர் இதையே கேட்கிறார். நானும் இதையே எழுதுகிறேன். பல கையேடுகளில் 20,000 முதல் 40,000 கிலோமீட்டர் வரை ஏதேனும் ஓர் அளவு குறிப்பிடப்பட்டிருக்கும். புழுதிச் சாலையில் ஓடும் வண்டிக்கு அதற்கு வெகு முன்பே மாற்ற வேண்டும் என்றும் அங்கேயே எழுதியிருப்பார்கள். நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். காகித மடிப்புகளின் மேல் படியும் தூசியே தானும் ஒரு வடிகட்டியாகி, இன்னும் நுண்ணிய தூசியைப் பிடிப்பதால், ஓரளவு அழுக்கான ஃபில்டர் புதியதைவிட நன்றாகவே வடிகட்டும்.

சென்சார் பக்கம் நிற்பவர்:
பிக்கப் குறைந்தது என்றாலே என் சந்தேகம் முதலில், இஞ்சினுக்குள் போகும் காற்றை அளந்து கணினிக்குச் சொல்லும் காற்றளவு சென்சார் மீதுதான் போகும். எண்ணெய் தடவிய பருத்தி ஃபில்டர் ஏதேனும் போட்டிருக்கிறீர்களா? எண்ணெய் அதிகமானால் அது சென்சாரின் கம்பியில் படிந்து, உள்ளே போகும் காற்றின் அளவைக் குறைத்துக் காட்டச் செய்யும்.

டீசல் ஓட்டி:
எதற்கும் மாற்றிவிடுவதே நல்லது. அடைத்த ஃபில்டரோடு ஓட்டினால் மைலேஜும் விழுந்துவிடும்.

நெடுநாள் உறுப்பினர்:
அது, கணினி இல்லாமல் கார்புரேட்டரே காற்றையும் பெட்ரோலையும் கலந்த காலத்துப் பேச்சு. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுக்கூடம் 2009இல் வெளியிட்ட ஆய்வில், கணினி எரிபொருளைக் கட்டுப்படுத்தும் பெட்ரோல் கார்களில் ஃபில்டர் அடைத்திருந்தாலும் மைலேஜ் குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. வேகமெடுக்கும் திறன்தான் குறைந்தது. சாதாரண ஓட்டத்தில், இஞ்சினுக்குப் போகும் காற்றின் வழியைத் திறந்து மூடும் த்ராட்டில் பாதி மூடியே இருப்பதால், ஃபில்டரில் ஏற்படும் தடையை அது இன்னும் சற்றுத் திறந்து ஈடுசெய்துவிடும். முழுதாக மிதிக்கும்போது திறக்க வேறு இடமில்லை. குறை அப்போதுதான் தெரியும்.

டீசல் ஓட்டி:
நான் சொல்வது டீசல் வண்டியின் அனுபவம். காற்று போதாவிட்டால் அதில் கரும்புகையே வரும். ஒவ்வொரு சர்வீஸிலும் காற்றடித்துத்தான் போடுகிறேன். இதுவரை ஒரு குறையும் இல்லை.

நெடுநாள் உறுப்பினர்:
குறை உடனே கண்ணுக்குத் தெரியாது என்பதுதான் இதில் உள்ள ஆபத்து. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிய ஏறத்தாழ 9,000 லிட்டர் காற்று வேண்டும். அத்தனையும் அந்தக் காகிதத்தின் வழியாகத்தான் போகிறது. அழுத்தக் காற்று காகித இழைகளைக் கிழித்து நுண்துளை உண்டாக்கினால், அதன் வழியே நுழையும் மணல்தூள் பிஸ்டன் வளையங்களையும் சிலிண்டர் சுவரையும் பல மாதங்கள் மெல்லத் தேய்த்துக்கொண்டே இருக்கும்.

டீசல் ஓட்டி:
அழுத்தத்தைக் குறைத்து, உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக அடித்தால் கிழியாது. எல்லோரும் முரட்டுத்தனமாகவே அடிப்பார்கள் என்று நீங்களாகவே முடிவு செய்கிறீர்கள்.

வேறொரு வாசகர்:
கேட்டவர் இன்னும் எந்த விவரமும் தரவில்லை என்பதை இருவரும் கவனியுங்கள். நண்பரே, ஃபில்டர் பெட்டியை உங்கள் எதிரிலேயே திறக்கச் சொல்லி, இஞ்சினை நோக்கிய பக்கத்தில் விரலால் தடவிப் பாருங்கள். அங்கே புழுதி ஒட்டினால், ஃபில்டர் எந்த நிறத்தில் இருந்தாலும் காற்று அதைச் சுற்றிக்கொண்டு போகிறது என்று பொருள்.

கேட்டவர்:
பெட்ரோல் வண்டி, 22,000 ஓடியிருக்கிறது, இஞ்சின் ஃபில்டர்தான். முதலிலேயே சொல்லாததற்கு மன்னிக்கவும். எதிரில் நின்று திறக்கச் சொன்னேன். பெட்டியின் ஒரு கிளிப் மாட்டப்படாமலே இருந்தது. ரப்பர் விளிம்பும் ஒரு மூலையில் மடங்கியிருந்தது. உள்பக்கம் விரலில் புழுதி வந்தது. மாற்றச் சொல்லிவிட்டேன்.

சென்சார் பக்கம் நிற்பவர்:
அப்படியானால் அந்தப் புழுதி சென்சாரின் கம்பியிலும் படிந்திருக்கும். பிக்கப் குறைந்ததற்கு அதுவே காரணமாக இருக்கலாம். புதிய ஃபில்டரை வைக்கும் முன் பெட்டியை ஈரத்துணியால் துடைத்து உலர விடச் சொல்லுங்கள். சென்சாரைத் துணியால் தொடக் கூடாது. அதற்கென்றே விற்கும் ஸ்ப்ரேயை அடித்து, நன்றாகக் காய்ந்த பிறகுதான் மாட்ட வேண்டும். ஓட்டிப் பார்த்துவிட்டு, பிக்கப் திரும்பியதா என்பதை இங்கே எழுதுங்கள்.

டீசல் ஓட்டி:
நான்கு கிளிப்பும் மாட்டியிருக்கிறதா என்று நீங்களே கைவைத்துப் பார்த்துவிட்டு வண்டியை எடுங்கள்.

வேறொரு வாசகர்:
மூன்று வாரங்கள் ஆகிவிட்டன. பிக்கப் சரியாயிற்றா? எனக்கும் இதே குறை இருப்பதால் கேட்கிறேன்.