அயர்லாந்து கிராமத்துல தினமும் என்ன சாப்பிடுவாங்க? ஒரு பாட்டிக்கு சமைக்கணும்

கோத்தகிரி குளிர்:
எங்க மாடி வீட்ல குடியிருக்கிறவங்களோட அம்மா அயர்லாந்துல இருந்து வந்திருக்காங்க, 80 வயசு, மேற்குப்பக்கம் கிராமமாம். ரெண்டு வாரமா இட்லி தவிர எதுவும் இறங்கல. சின்ன வயசுல வீட்ல என்ன சாப்பிட்டீங்கன்னு கேட்டா உருளைக்கிழங்கும் மோரும்னு சொல்றாங்க, பாவமா இருக்கு. அவ்ளோதானா? நம்ம மார்க்கெட்ல கிடைக்கிறத வச்சு என்ன செஞ்சு தரலாம்?

நர்ஸம்மா:
நான் அங்க ஆறு வருஷம் வேலை பாத்தேன். காலைல உப்பு போட்ட ஓட்ஸ் கஞ்சி, பெரிய சாப்பாடு மத்தியானம்தான், உப்புல ஊறின பன்னிக்கறி, கோஸ், கிழங்கு. ராத்திரி ரொட்டி, முட்டை, டீ. அந்தக் காலத்துல வெள்ளிக்கிழமை கறி கிடையாது, மீன்தான். நீங்க கால்கேனன் செய்ங்க: கிழங்க வேக வச்சு சூடா மசிச்சு, சூடான பாலும் வெந்த கோஸும் சேத்து, நடுவுல குழி பண்ணி வெண்ணெய் வச்சு குடுங்க. ஓரத்துல இருந்து எடுத்து அந்த வெண்ணெய்ல தொட்டு சாப்பிடுவாங்க. மசாலா வேணாம், உப்பு போதும்.

பூம்பாறை பொண்ணு:
அக்கா சொன்னதோட சோடா ரொட்டியும் செய்ங்க. ஈஸ்ட் வேணாம், கோதுமை மாவு, மைதா, உப்பு, ஆப்ப சோடா, புளிச்ச மோர் அவ்ளோதான். மோர் புளிச்சிருக்கணும், அந்தப் புளிப்பு சோடாவோட சேந்தாதான் ரொட்டி உப்பி வரும், வெறும் பால் ஊத்தினா கல்லு மாதிரி ஆயிடும். பிசையாதீங்க, சும்மா சேத்து உருட்டி மேல சிலுவை மாதிரி கீறி உடனே அடுப்புல வைங்க. ஓவன் இல்லன்னா கனமான இரும்புச் சட்டில வச்சு மூடி மேல தணல் போடுங்க, அங்கயும் அந்தக் காலத்துல அப்படித்தான், எரிக்கிறதுக்கு சதுப்புல வெட்டிக் காய வச்ச கரிமண்ணு.

முத்தோரை விவசாயி:
கிழங்கும் மோரும்னு அவங்க சொன்னத குறைவா நினைக்காதீங்க தம்பி. அங்க வந்த பெரிய பஞ்சத்துக்கு முன்னாடி கூலிக்காரங்க ஒரு ஆளு ஒரு நாளைக்கு 5, 6 கிலோ தின்னிருக்காங்க, தோலோட வேக வச்சு கூடைல கொட்டி வீடே சுத்தி உக்காந்து. மோரு கூட இருந்ததால உடம்புக்கு வேண்டியது கிடைச்சுது. 1845ல கருகல் நோய் வந்துச்சு, நம்ம வயல்ல மழைக்காலத்துல இலை கருகி நாறுமே, அதே நோய்தான். சுமார் 10 லட்சம் பேர் செத்தாங்க. இங்க ஒரு போகம் போனாலே எங்களுக்கு தூக்கம் வராது, அவங்களுக்கு சாப்பாடே அது ஒண்ணுதான். மாவா உடையிற கிழங்கா பாத்து வாங்குங்க, தோலோட வேக வச்சு தோல் வெடிக்கணும், அத கிழங்கு சிரிக்குதுன்னு அங்க சொல்வாங்களாம்.

கோத்தகிரி குளிர்:
எல்லாருக்கும் நன்றி. கால்கேனன் செஞ்சு குடுத்தேன், கோஸ் கொஞ்சம் அதிகமாயிடுச்சு, ஆனா முழு தட்டும் சாப்பிட்டாங்க. மோர் புளிக்க வச்சிருக்கேன், நாளைக்கு ரொட்டி.