டெக்னோஸ்ட்ரெஸ்: ‘நுட்ப உளைச்சல்’ எனலாமா?

அன்புடையீர்,

கணினி முதலிய தொழில்நுட்பத்தோடு மல்லாடுவதால் வரும் மனத்தொல்லையைக் குறிக்கும் டெக்னோஸ்ட்ரெஸ் என்ற சொல்லுக்குத் தமிழில் ‘தொழில்நுட்ப மன அழுத்தம்’ என்று நண்பர் முன்மொழிந்ததில் எனக்குச் சில தயக்கங்கள் உண்டு. இயற்பியலில் ‘அழுத்தம்’ பிரஷருக்கு உரியதாக நிலைபெற்றுவிட்டது. ஸ்ட்ரெஸ்ஸுக்குப் பாடநூல்கள் ‘தகைவு’ என்ற தனிச்சொல்லை ஆள்கின்றன. இதைவிடப் பெரிய இடர், ‘மன அழுத்தம்’ என்பது டிப்ரஷனுக்கும் சேர்த்தே எழுதப்பட்டுவருவதாகும். 1984-இல் இச்சொல்லைத் தம் நூலுக்குத் தலைப்பாக்கிய கிரேக் பிராட் இதை ஒரு நோயாகவே வருணித்தார் என்பது மெய்தான். ஆனால் பின்வந்த ஆய்வுகள் பணிமிகுதி, கருவியின் சிக்கல், ஓயாத மாற்றம், வேலை பறிபோகுமோ என்ற அச்சம் ஆகியவற்றின் விளைவாக இதை அணுகுகின்றன. அச்சுப்பொறி ஓடாததால் எரிச்சலுற்றவரை நாம் நோயாளியாக்க வேண்டியதில்லை.

என் பரிந்துரை ‘நுட்ப உளைச்சல்’. அண்மையில் மென்பொருள் ஒன்றின் அமைவுக் கோப்பை (கான்ஃபிக் ஃபைல்) திருத்தியபோது திரை முழுவதும் பிழைச்செய்தி கொட்டியது. ஒருமணி நேரம் உழன்றபின் அதை அப்படியே செய்யறிவுச் (ஏ.ஐ.) செயலி ஒன்றில் ஒட்டினேன். பதினேழாம் வரியில் ஒரு காற்புள்ளி விடுபட்டிருப்பதாக அது காட்டியது. அதே கேள்வியை மூன்றாம் முறை கேட்டபோதும் அது சலித்துக்கொள்ளவில்லை. என் வேலைப்பளு இம்மியும் குறையவில்லை. தவறு எங்கே என்று அறியாமல் மனம் கிடந்து உளைந்ததுதான் நின்றது. சுமையைக் குறிக்கும் ‘அழுத்தம்’ இதற்குப் பொருந்தாது. கால் உளைச்சல், வயிற்று உளைச்சல் என்று நாம் சொல்லும் அந்த விடாத நோவே பொருந்தும். (உளை என்பதற்குச் சேறு என்றும் பொருளுண்டு, தற்செயல் என்றாலும் பிடித்திருக்கிறது.)

ஆயினும், இத்தகைய செயலிகளுக்கு ‘உளைச்சல் நீக்கி’ என்று பெயரிடும் மற்றொரு முன்மொழிவை ஏற்க இயலவில்லை. மாத்திரையின் பெயர்போல ஒலிப்பது ஒருபுறம் இருக்க, மறுநாளே அந்தச் செயலி என் மென்பொருளில் இல்லாத ஒரு பட்டித்தேர்வை (மெனு ஆப்ஷன்) சற்றும் தயங்காமல் சுட்டி, என்னை அரைமணி நேரம் தேடவைத்தது. செயலுக்கு ‘உளைச்சல் தணிப்பு’ எனப் பெயரிடுவோம். கருவியின் பெயரிலேயே அதன் வெற்றியை எழுதிவிட வேண்டாம்.

இச்செயலியை ‘உதவியாளர்’ என்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. 1966-இல் கணினி அறிஞர் ஜோசப் வைசன்பாம் அறிவித்த எலைசா என்னும் எளிய உரையாடல் நிரலிடமே சிலர் மனிதரிடம் பேசுவதுபோல் மனம்திறந்தனர். ‘ஆளர்’ விகுதி அம்மயக்கத்துக்கு இலக்கணமும் துணைநிற்பதாகிவிடும். ‘உதவி’ என்று சுருக்கினாலோ மென்பொருள்களில் ஏற்கெனவே உள்ள உதவிப் பட்டியோடு குழம்பும். ஆகவே ‘செய்யறிவுத் துணை’ என்கிறேன்.

‘நுட்பம்’ தனித்து நிற்கையில் நுணுக்கம் என்றே பலரும் கொள்வர் என்ற தடை எழக்கூடும். அதற்காகத் ‘தொழில்’ என்பதை முன்னே சேர்த்தால் சொல் நீள்கிறது. ‘கருவி உளைச்சல்’ என்றால் மின்னஞ்சல் குவிவதால் வரும் நோவு விடுபடுகிறது. இந்த ஓர் இடத்தில் மட்டும் மேலான சொல் இருப்பின் தெரிவிக்க வேண்டுகிறேன்.