புதுப்பிப்பு: ஜைரோபிளேன் உதறலுக்குக் காரணம் சிக்கியது

போன மாதம் புலம்பியிருந்தேனே, என் பழைய ஜைரோபிளேன் (தலைக்கு மேல் காற்றிலேயே சுழலும் ரோட்டர் கொண்ட குட்டி விமானம்) ஐடிலிங்கில், அதாவது எஞ்சின் மெதுவாக ஓடும்போது, உதறுகிறது, பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டர் ஒன்றில் பெட்ரோல் ஒழுகுகிறது என்று? பலரும் ஸ்பார்க் பிளக் என்றீர்கள். மாற்றினேன், காசுதான் போனது.

நேற்று அந்த கார்புரேட்டரின் அடியில் பெட்ரோல் நிற்கும் கிண்ணத்தைக் கழற்றினேன். பெட்ரோல் மட்டத்தோடு ஏறி இறங்க வேண்டிய மிதவை ஒன்று பெட்ரோலைக் குடித்து முக்கால்வாசி மூழ்கிக் கிடந்தது. நகைத் தராசில் அந்த கார்புரேட்டரின் மிதவை ஜோடி 8.2 கிராம், கையேட்டின் வரம்பு 7. மிதவை கனத்தால் பெட்ரோல் வரத்தை அடைக்கும் ஊசி வால்வு சரியாக மூடாது, கலவையில் பெட்ரோல் கூடிவிடும்.

நான்கு மிதவையும் மாற்றியாச்சு. 5 வருடம் தாண்டிய ரப்பர் குழாய்களும்தான். மடக்கினால் வெடிப்பு தெரிந்தது.

எஞ்சின் நின்றாலும் ரோட்டர் காற்றிலேயே சுழலும், உண்மைதான். எங்கே இறங்குவோம் என்பதுதான் முழுதாக நம் கையில் இருக்காது!

ரோட்டர் தலையின் டீட்டர் போல்ட் (ரோட்டர் சீசா போல ஆடுவதற்கான அச்சு) பாக்கி. அதை இன்ஸ்பெக்டர் பக்கத்தில் நின்றால்தான் தொடுவேன்.