கோயில் மண்டபத்தில் பெரியவர்களுக்கும் படிப்பு: யூத ஜெப ஆலயங்களில் எப்படி நடத்துகிறார்கள்?

புசல்லாவை டீச்சர்:

வணக்கம். புசல்லாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் மாரியம்மன் கோயில் மண்டபத்தில் அறநெறிப் பாடசாலை நடத்துகிறோம். பிள்ளைகள் வருகிறார்கள், தேவாரம் படிக்கிறார்கள், பரீட்சை எழுதுகிறார்கள். சாதாரண தரப் பரீட்சை நெருங்கியதும் டியூஷனுக்குப் போய்விடுகிறார்கள். அதற்குப் பிறகு அவர்கள் மண்டபத்துக்கு வருவது திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும்தான்.

என் கவலை அந்தப் பிள்ளைகளின் அம்மாமாரைப் பற்றியது. பிள்ளையைக் கொண்டுவந்து விட்டுவிட்டு மண்டபத்து ஓரத்தில் உட்கார்ந்திருப்பார்கள். பலர் ஐந்தாம் வகுப்போடு கொழுந்தெடுக்கப் போனவர்கள். நாங்கள் தேவாரம் சொல்லச் சொல்ல, பிள்ளைகளுக்கு முன்னால் அவர்களுக்கு மனப்பாடம் ஆகிவிடுகிறது. புத்தகத்தைக் கையில் கொடுத்தால் மட்டும் "கண்ணு தெரியலம்மா" என்று திருப்பித் தந்துவிடுகிறார்கள்.

என் அண்ணி இஸ்ரேலில் வயதான ஓர் அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறார். சனிக்கிழமைகளில் அந்த அம்மாவை ஜெப ஆலயத்துக்குக் கூட்டிப் போவார். அங்கே வழிபாடு முடிந்ததும் யாரும் வீட்டுக்கு ஓடுவதில்லையாம். தலை நரைத்தவர்கள் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு சத்தம் போட்டு வாதாடுகிறார்களாம். சின்னப் பிள்ளையில் இருந்து எண்பது வயது வரை எல்லாருக்கும் ஏதோ ஒரு வகுப்பு இருக்கிறதாம். அண்ணிக்கு அந்த மொழி முழுக்க விளங்காது, அதனால் இதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை.

அங்கே இருந்தவர்கள் யாராவது சொல்லுங்கள். யார் சொல்லிக்கொடுக்கிறார்கள்? எந்த நாளில்? செலவு யாருடையது? படிக்காதவர்கள் வெட்கப்படாமல் எப்படி வந்து உட்காருகிறார்கள்? எனக்கு மிகவும் தேவைப்படுவது இந்தக் கடைசிக் கேள்விக்கான பதில்தான். மதச் சண்டையும் அரசியலும் இங்கே வேண்டாம், படிப்பு நடக்கும் விதத்தை மட்டும் எழுதுங்கள்.

மஸ்கெலியா அக்கா:

தங்கச்சி, நெத்தன்யா என்ற ஊரில் உன் அண்ணி செய்கிற அதே வேலையைச் செய்துவிட்டு ஊர் திரும்பியவள் நான். கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

நான் பார்த்துக்கொண்ட அம்மா கண்டிப்பாக ஆசாரம் பார்க்கிறவர். வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்தால் சனிக்கிழமை இருட்டும் வரைக்கும் அவர்களுக்கு ஓய்வு நாள். அடுப்பு மூட்டுவதில்லை, போனைத் தொடுவதில்லை, எழுதவும் மாட்டார்கள். அந்த நாளில்தான் பெரிய படிப்பெல்லாம் நடக்கிறது! பேனா இல்லை, கொப்பி இல்லை, கரும்பலகை இல்லை. ஒருவர் வாசிப்பார், மற்றவர்கள் காதால் கேட்பார்கள், கேள்வி கேட்பார்கள். எழுதத் தெரியாதவள் யார் என்று அந்த அறையில் கண்டுபிடிக்கவே முடியாது. உன் கடைசிக் கேள்விக்கு நான் அங்கே பார்த்த பதில் இது.

படிக்கும் முறைக்கு ஹவ்ரூத்தா என்று சொல்வார்கள். இரண்டு பேர் ஒரு புத்தகத்தோடு எதிரெதிரே உட்கார வேண்டும். ஒருவர் சத்தமாக வாசித்து அர்த்தம் சொல்வார். மற்றவரின் வேலை மறித்துக் கேட்பது. "அது எப்படி? போன பக்கத்தில் வேற மாதிரி சொல்லியிருக்கே?" என்று மேசையைத் தட்டுவார்கள். முதலில் சண்டை பிடிக்கிறார்கள் என்றே நினைத்தேன். முடிந்ததும் ஒன்றாகக் கேக் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போவார்கள். ரப்பி என்கிற அவர்களுடைய மதகுரு எல்லா மேசைக்கும் வருவதில்லை. கூப்பிட்டால் வருவார், ஒரு முடிச்சை அவிழ்த்துவிட்டுப் போவார்.

தோரா என்ற அவர்களுடைய வேதத்தை 54 பகுதியாகப் பிரித்து, ஒரு வருடத்தில் முழுதும் வாசித்து முடிக்கிறார்கள். முடிந்த அன்றைக்கே முதல் பகுதியைத் திரும்பத் தொடங்குகிறார்கள். அதனால் புதிதாக வருகிறவர் பிந்திவிட்டோம் என்று நினைக்கத் தேவையில்லை, எந்த வாரமும் சேர்ந்துகொள்ளலாம்.

ஒரு பாடத்தை நான் மறக்கவே மாட்டேன். கூலிக்காரனுடைய கூலியை அன்று பொழுது சாய்வதற்குள் கொடுத்துவிட வேண்டும், அவன் ஏழை, அதை நம்பித்தான் இருக்கிறான் என்று தோராவின் கடைசிப் புத்தகமான உபாகமத்தில் 24ஆம் அதிகாரத்தில் வருகிறது. எங்கள் தெருவில் பஸ் ஓட்டுகிற ஒருவரும், ஓய்வுபெற்ற பேங்க்காரர் ஒருவரும் அதை வைத்துக்கொண்டு வாதாடினார்கள். பகல் வேலை செய்தவன் இரவு முழுக்கக் கூலி கேட்கலாம், இரவு வேலை செய்தவன் அடுத்த பகல் முழுக்கக் கேட்கலாம் என்று பழைய சட்டம் இருக்கிறதாம். அப்படியென்றால் மாதச் சம்பளக்காரன் எப்போது கேட்பது? நடுவில் ஒருவரிடம் வேலை பிடித்துக் கொடுத்தால் யார் பொறுப்பு? எனக்கு அரைகுறை எபிரேயம்தான், ஆனாலும் அன்றைக்கு ஒரு வார்த்தையையும் விடவில்லை. தோட்டத்தில் வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டுக் களத்தில் நின்று வளர்ந்தவளுக்கு விளங்காத விஷயமா அது! பெண்கள் பக்கத்துத் திரைக்குப் பின்னால் என்னோடு இருந்த அம்மா திரும்பி, "உன் சம்பளம் இந்த மாதம் வந்துவிட்டதா?" என்று கேட்டார்.

ஆசாரமான ஜெப ஆலயங்களில் பெண்கள் தனியாகத்தான் உட்கார வேண்டும், திரைக்குப் பின்னால் அல்லது மாடியில். எங்கள் இடத்தில் பெண்களுக்கென்று வார நாளில் மாலை வகுப்பு இருந்தது, நடத்தியதும் ஒரு பெண்தான். வேறு பிரிவுகளில் ஆணும் பெண்ணும் சேர்ந்தே உட்காருவார்கள்.

செலவு பற்றிக் கேட்டாய். அங்கத்தவர் சந்தா இருக்கிறது. அதோடு, இறந்தவருடைய ஆண்டு நினைவு நாளில் குடும்பத்தார் கேக், குடிக்க ஏதாவது எல்லாம் வாங்கி வைத்து, அன்றைய படிப்பை அவர் பெயரில் நடத்தச் சொல்வார்கள். நாம் திதியில் அன்னதானம் கொடுப்பது போலத்தான். அலுமாரியில் இருக்கிற புத்தகங்களில் முதல் பக்கத்தில் யாரோ ஒருவர் நினைவாக என்று ஒட்டியிருக்கும். புத்தகம் கை தவறி விழுந்தால் எடுத்து முத்தம் கொடுத்து வைப்பார்கள். கிழிந்துபோன வேதப் புத்தகத்தைக் குப்பையில் போடாமல், சேர்த்து வைத்து மண்ணில் அடக்கம் செய்வார்கள்.

ஸ்காபரோவில் இருந்து ஹட்டன்காரன்:

அக்கா எழுதியதை வீட்டில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன். நான் டொரொண்டோவில் ஒரு ஜெப ஆலயத்தில் மாலை நேரப் பராமரிப்பு வேலை செய்கிறேன். கதவு திறப்பது, கதிரை அடுக்குவது, கடைசியில் விளக்கை அணைப்பது. இது சீர்திருத்தப் பிரிவு, அக்கா பார்த்ததை விட நிறைய வித்தியாசம்.

ஒரு வாரத்தில் நான் கதிரை அடுக்குகிற வகுப்புகள்: எபிரேய எழுத்து தொடக்க வகுப்பு, புத்தக வட்டம், யூத மதத்தில் சேர நினைப்பவர்களுக்கு அறிமுக வகுப்பு, வெள்ளிக்கிழமைக்கு வேண்டிய ஹல்லா என்கிற பின்னல் ரொட்டி செய்யப் பழக்கும் வகுப்பு. சனி காலையில் அந்த வாரத்துத் தோராப் பகுதியைச் சுற்றி உட்கார்ந்து பேசுவார்கள். பொதுச் சொற்பொழிவுகளுக்கு வெளி ஆட்களும் முன்கூட்டியே பெயர் கொடுத்துவிட்டு வரலாம்.

டீச்சர், உங்களுக்கு உதவக்கூடிய ஒன்று. ஞாயிறு காலை பிள்ளைகளுக்கு வகுப்பு. அதே நேரம் பக்கத்து அறையில் பெற்றோருக்கும் வகுப்பு வைக்கிறார்கள். பிள்ளை என்ன படிக்கிறதோ அதையே பெரியவர்களுக்கு ஏற்றபடி. வீட்டுக்குப் போகும்போது இரண்டு பேருக்கும் பேச ஒரே விஷயம் இருக்கும். உங்கள் அம்மாமார்தான் ஏற்கனவே மண்டபத்து ஓரத்தில் இருக்கிறார்களே.

இன்னொன்று. பிள்ளை மதக் கடமைகளை ஏற்கிற வயதுக்கு வந்ததும் ஒரு சடங்கு: பையனுக்கு 13 வயதில் பார் மிட்ஸ்வா, பெண்ணுக்கு 12 அல்லது 13இல் பாத் மிட்ஸ்வா. சபை முன் நின்று வேதம் வாசிப்பது அதில் முக்கியம். பெண் பிள்ளைகளுக்கு இது அந்தக் காலத்தில் கிடையாது. அமெரிக்காவில் 1922இல்தான் நியூயார்க்கில் ஒரு ரப்பி தன் மகளை முதன்முதலாக அப்படி வாசிக்க வைத்தார். அதனால் சின்ன வயதில் வாய்ப்புக் கிடைக்காத பெண்கள் இப்போது பெரியவர்களாகி, வகுப்பில் சேர்ந்து எழுத்துப் படித்து, மேடையேறி வாசிக்கிறார்கள். ஒரு பாட்டியம்மா கைத்தடியோடு ஏறி வாசித்ததைப் பின் வரிசையில் நின்று பார்த்தேன். பேரப்பிள்ளைகள் முன் வரிசையில். எனக்கு எங்கள் அப்பாயி ஞாபகம் வந்துவிட்டது. அவருக்குக் கைநாட்டு மட்டும்தான் தெரியும்.

பொகவந்தலாவை:

எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனால் நம்ம பொம்பளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை என்பது என்ன என்று கொஞ்சம் யோசியுங்கள். துணி துவைக்க வேண்டும், விறகு பொறுக்க வேண்டும், கடைக்குப் போக வேண்டும், தோட்டம் கொத்த வேண்டும். ஆறு நாள் மலையில் நின்றவளை ஏழாம் நாளும் உட்காரச் சொன்னால் தூங்கித்தான் விழுவாள். ஓய்வு நாளில் அடுப்பே மூட்டாத சனத்தோடு நம்மை ஒப்பிட முடியாது.

இன்னொரு சங்கதி, யாரும் சொல்லாததால் நான் சொல்கிறேன். கோயில் மண்டபத்தில் வைத்தால் மாதத்தில் சில நாள் பெண்கள் வரமாட்டார்கள். வீட்டில் சாவு விழுந்தால் தீட்டுக் கழியும் வரை வரமாட்டார்கள். தொடர்ந்து இரண்டு கிழமை வராமல் விட்டால் பிறகு வருவதற்குக் கூச்சம். அம்மாமார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விடுகிற பிள்ளை மடுவத்தில் வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை அது பூட்டித்தான் கிடக்கும், சாவியைத் தோட்டத்து ஒபிசில் கேட்டு வாங்கலாம்.

நேரம் பற்றிக் கேட்டால், சம்பளம் போடுகிற நாள் பின்னேரம் நல்லது. எல்லாரும் ஒரே இடத்தில் நிற்பார்கள். அன்றைக்குக் கையில் சம்பளச் சிட்டை என்று ஒரு தாளும் இருக்கும்.

ஓய்வுபெற்ற அதிபர், நாவலப்பிட்டி:

பொகவந்தலாவையில் இருந்து எழுதிய மகள் சொல்வதைத்தான் அவர்களுடைய முன்னோரும் செய்தார்கள். தோராவைச் சனிக்கிழமை மட்டுமல்ல, திங்கட்கிழமையும் வியாழக்கிழமையும் ஜெப ஆலயத்தில் வாசிக்கிறார்கள். காரணம், பழைய காலத்தில் கிராமத்துச் சனம் பட்டணத்துக்கு வருகிற சந்தை நாட்கள் அவை. சனம் எங்கே கூடுகிறதோ அங்கே புத்தகத்தை எடுத்துப் போனார்கள்.

பள்ளிக்கூட விஷயத்திலும் ஒன்று சொல்ல வேண்டும். முதலாம் நூற்றாண்டில் எருசலேமில் தலைமைக் குருவாக இருந்தவர் யோசுவா பென் கம்லா. அதற்கு முன்னால் தகப்பன்தான் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பான், தகப்பன் இல்லாத பிள்ளைக்குப் படிப்பில்லை. இவர் ஊருக்கு ஊர் ஆசிரியரை வைத்து, ஆறு ஏழு வயதில் பிள்ளைகளைச் சேர்க்கச் செய்தார் என்று தல்மூத் என்ற அவர்களுடைய பழைய சட்ட நூல் சொல்கிறது. அதே இடத்தில் கணக்கும் இருக்கிறது: 25 பிள்ளைக்கு ஓர் ஆசிரியர், 40 ஆனால் ஓர் உதவியாளர், 50 ஆனால் இரண்டு ஆசிரியர், செலவு ஊருடையது. நான் ஆசிரியத் தொழிலைத் தொடங்கியது ஐந்து வகுப்பும் ஒரே மண்டபத்தில் இருந்த தோட்டப் பாடசாலையில். 1970களில் அரசாங்கம் தோட்டப் பாடசாலைகளைப் பொறுப்பேற்ற பிறகும் அந்த மண்டபத்துக்கு இரண்டாவது ஆசிரியர் வர எத்தனை வருடம்! அந்தப் பக்கத்தை வாசித்தபோது எனக்கு வயிறு எரிந்தது.

புசல்லாவைக்காரிக்கு இன்னொரு செய்தியும் உண்டு. உங்கள் ஊரில் இருக்கிற றொத்சைல்ட் தோட்டத்துக்கு அந்தப் பெயர் வந்தது சும்மா இல்லை. றொத்சைல்ட் என்ற யூதக் குடும்பத்துப் பெண் வயிற்றுப் பிள்ளைகளான மொரிஸ், கேப்ரியல் டி வோர்ம்ஸ் என்ற சகோதரர்கள் 1841இல் அங்கே தோட்டம் போட்டார்கள். கோப்பிக் காலம் அது. மொரிஸ் சீனத் தேயிலையையும் கொண்டுவந்து நட்டுப் பார்த்தார். லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை போட்டது 1867இல்தான். அவர்கள் துரைமார், நம் ஆட்கள் கூலிகள், அதை மறக்கத் தேவையில்லை. ஆனால் உபாகமத்துக் கூலிச் சட்டத்தைச் சின்ன வயதில் படித்த குடும்பத்தவர் அந்த மலையில் நம்மவருக்குக் கூலி கொடுத்திருக்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய விஷயம்.

சபரிமலைக்குப் போகிறவர்கள் வழியில் கொச்சியில் இறங்கினால் மட்டாஞ்சேரி ஜெப ஆலயத்தைப் பாருங்கள். 1568இல் கட்டியது. தரை முழுக்க நீலமும் வெள்ளையுமான சீன ஓடு. கொச்சிப் பக்கம் இருந்த யூதர்கள் பெரும்பாலும் 1950களில் இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள்.

புசல்லாவை டீச்சர்:

எல்லாருக்கும் நன்றி. பொகவந்தலாவை அக்கா சொன்னதைக் கேட்டு மண்டபத்தை விட்டுவிட்டேன். பிள்ளை மடுவத்துச் சாவிக்குக் கடிதம் கொடுத்தாயிற்று. தலைவரும் கையெழுத்துப் போட்டுத் தந்தார்.

என் திட்டம் இது. பிள்ளைகளுக்கு அறநெறி வகுப்பு நடக்கிற அதே ஒன்றரை மணி நேரம் அம்மாமாருக்கும். வாரத்துக்குத் திருக்குறளில் ஓர் அதிகாரம். 133 அதிகாரம் என்றால் இரண்டரை வருடம் ஓடும், முடிந்த அன்றைக்கே திரும்பக் கடவுள் வாழ்த்து. ஹவ்ரூத்தா மாதிரி இரண்டு இரண்டு பேர், வாசிக்கத் தெரிந்த ஒருத்தி, கேட்டு மறிக்கிற ஒருத்தி. பேனா கிடையாது. எழுத்துப் படிக்க ஆசைப்படுகிறவர்களுக்கு அதைத் தனியாக, மெதுவாகச் செய்வோம்.

சம்பள நாளில் சம்பளச் சிட்டை. எங்கள் தோட்டத்தில் அது இங்கிலீஷில் வருகிறது. ஊழியர் சேமலாப நிதிக்கு நம் சம்பளத்தில் 8 வீதம் வெட்டினால் தோட்டம் 12 வீதம் போட வேண்டும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம் தோட்டத்துக் கணக்கில் இருந்தே போக வேண்டும். இதை வாய்ப்பாடமாகச் சொல்லத் தெரிந்தவர்கள் எங்கள் லயத்தில் இரண்டு மூன்று பேர்தான். ஒரு வரியை ஒருத்தி வாசித்து, "இது ஏன் வெட்டினாங்க?" என்று அடுத்தவள் கேட்கட்டும்.

நேற்றுக் கோயிலடியில் பேச்சு எடுத்துப் பார்த்தேன். "தேவாரம் மாதிரி சத்தமா சொல்லலாம்னா வர்றோம்" என்றார்கள். ஒருவர், தன் அம்மாவின் திதிக்குப் பிளேன்டியும் வடையும் தான் கொடுப்பதாகச் சொல்லிவிட்டார். நான் கேட்கவே இல்லை.

அதிபர் சேர், 40 பேருக்கு மேல் வந்தால் உங்களைத்தான் உதவியாளராகக் கூப்பிடுவேன். மஸ்கெலியா அக்கா, முதல் நாளைக்கு அந்தக் கூலிப் பாடத்தை வந்து சொல்வீர்களா?

ஓர் உதவி வேண்டும். "கண்ணு தெரியல" என்று சொன்னவர்களில் பாதிப்பேருக்கு உண்மையாகவே கண்தான் தெரியவில்லை. புசல்லாவை, கம்பளைப் பக்கம் வாசிப்புக் கண்ணாடி குறைந்த விலையில் எங்கே வாங்கலாம்? தோட்டத்துக்கே வந்து கண் பார்க்கிற குழு ஏதாவது இருந்தால் அதையும் எழுதுங்கள்.