பிள்ளைகளை விளையாட்டு, கலை வகுப்புகளில் எதில் சேர்த்தீர்கள்? எப்படிப் போகிறது?

திருச்சி அம்மா:
மகன் மூன்றாம் வகுப்பு. 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் குகேஷ் 18 வயதில் உலக சாம்பியன் ஆனதிலிருந்து எங்கள் குடியிருப்பில் வீட்டுக்கு வீடு செஸ் போர்டு. மாமியார் கீபோர்டு என்கிறார், வீட்டுக்காரர் கிரிக்கெட் என்கிறார். இவனோ மாடிப்படியில் ஏறி இறங்கி ஓடுவதைத் தவிர எதிலும் நிலைப்பதில்லை. பிள்ளைகளைச் சேர்த்தவர்கள் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள்.

மதுரை அப்பா:
கிரிக்கெட்டிலிருந்தே தொடங்குகிறேன், சகோதரி. பெரியவனைக் கோடை முகாமில் விட்டேன். வெள்ளைச் சட்டை, பேட், பை எல்லாம் அவர்களிடமே வாங்க வேண்டும். ஒருநாள் எனக்கு விடுப்பு, வேலியோரம் உட்கார்ந்து முழுவதும் பார்த்தேன். பேட்டிங் பழக வலை கட்டிய ‘நெட்’ ஒன்றே ஒன்று, பிள்ளைகளோ ஒரு வகுப்பறை நிறைய. என் மகன் ஆடிய பந்துகளைக் கைவிரலில் எண்ணிவிடலாம். மீதி நேரம் வரிசையில் நின்றான், பந்து பொறுக்கினான், பக்கத்துப் பையனோடு மண்ணில் கோடு கிழித்தான். கோச் நல்ல மனிதர்தான், அத்தனை பேரை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? 5 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். காசு கட்டி விட்ட இடத்தில் அதில் கால்வாசிகூட நடக்கவில்லை.

இப்போது அவனும் தங்கையும் சிலம்பம். கோயில் திடலில் ஆசான் சொல்லித் தருகிறார். ஆரம்பத்தில் கம்பே தரவில்லை, காலடி மட்டும்தான். பெரியவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். அப்புறம் அவன் நெற்றி உயரத்துக்குக் கம்பு வந்தது, எங்கள் வீட்டில் ஒரு ட்யூப்லைட் போனது. இங்கே வரிசை கிடையாது. எல்லோரும் ஒரே நேரத்தில் சுற்றுகிறார்கள், இரண்டு கைக்கும் வேலை. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டிகளில் சிலம்பத்தையும் காட்சி விளையாட்டாகச் சேர்த்தார்கள். இனி கூட்டம் பெருகி இங்கேயும் அந்த நெட் கதை வராமல் இருந்தால் சரி.

ஓய்வு பெற்ற பி.டி. வாத்தியார், ஈரோடு:
நான் பார்த்தது இதற்கு நேர் எதிர், அளவுக்கு மீறி ஆடவைப்பது. வாலிபாலில் கெட்டிக்காரப் பையன்கள், வளர்த்தி வேகமெடுக்கும் 10-15 வயதில் முழங்காலுக்குச் சற்றுக் கீழே எலும்பு புடைத்து வலிக்கிறது என்று வந்து நிற்பார்கள். ஆஸ்குட் ஷ்லாட்டர் என்று பெயர். இன்னும் கெட்டிப்படாத எலும்பைத் தொடைத் தசை திரும்பத் திரும்ப இழுப்பதால் வருவது. குதிப்பதைக் குறைத்தால் பெரும்பாலும் வளர்ச்சி முடியும்போது சரியாகிவிடும். ஆனால் அப்பாக்கள், “மாவட்ட செலக்‌ஷன் வருதே சார், அது முடிஞ்சு ஓய்வு எடுக்கட்டுமா?” என்பார்கள். நான் பையனைப் பெஞ்சில் உட்காரவைத்துவிடுவேன், அதற்குத் திட்டும் வாங்கியிருக்கிறேன்.

மூன்றாம் வகுப்புப் பையனுக்குக் கோ-கோ நல்லது. உட்கார்ந்திருப்பவன்கூட எந்த நொடியில் ‘கோ’ விழும் என்று காலைத் தயாராக வைத்திருக்க வேண்டும். செலவு என்று பார்த்தால் இரண்டு கம்பமும் கொஞ்சம் சுண்ணாம்பும்தான். செஸ்ஸும் ஆடட்டும், ஆனால் அதை ஓட்டத்தின் கணக்கில் சேர்க்காதீர்கள்.

சென்னை அம்மா:
பெண் பிள்ளை வைத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன். மகள் நீச்சலில் நன்றாகவே வந்தாள். ஆறாம் வகுப்பில் திடீரென்று வயிற்றுவலி, தலைவலி, வகுப்புக்கு மட்டம். துருவிக் கேட்டபோதுதான் தெரிந்தது, உடை மாற்றும் அறைக் கதவில் தாழ்ப்பாள் இல்லை, மாதவிலக்கு நாளில் வராவிட்டால் எல்லோர் முன்னாலும் காரணம் கேட்கிறார்கள். நீச்சலில் ஒரு குறையும் இல்லை. இடத்தை மாற்றினோம், வயிற்றுவலி காணாமல் போனது.

இன்னொரு இடத்தில், இது ஜிம்னாஸ்டிக்ஸ், “பேரன்ட்ஸ் உள்ளே வரக் கூடாது, பிள்ளைகள் கவனம் சிதறும்” என்றார்கள். ஒரு மூலையில் உட்காரக்கூட விடவில்லை. அப்படியே திரும்பி வந்துவிட்டோம். கழிப்பறை, தாழ்ப்பாள், பெண் பயிற்சியாளர், பார்க்க அனுமதி: இவற்றைக் கேட்ட பிறகுதான் கட்டணத்தைக் கேட்பேன்.

சின்ன மகன் விளையாட்டுப் பக்கமே போகமாட்டான், களிமண் கிடைத்தால் போதும். அவனுக்கு அரசு நடத்தும் ஜவகர் சிறுவர் மன்றம் சரியாக அமைந்தது. ஓவியம், கைவினை, பாட்டு, பரதம் என்று மாவட்டங்களில் வார விடுமுறை வகுப்புகள், கட்டணமும் குறைவு. மாலையில் தெருவில் சைக்கிள் ஓட்டவிடுகிறேன், அதுதான் அவனுடைய உடற்பயிற்சி.

திருச்சி அம்மா:
சார், கோ-கோ என்றதும் மாமியாரே “நானும் ஆடியவள்தான்” என்று கிளம்பிவிட்டார்! வீட்டுக்காரர் இன்னும் கிரிக்கெட்டை விடவில்லை. சனிக்கிழமை அவரையும் கூட்டிக்கொண்டு போய் வேலியோரம் உட்காரவைக்கப் போகிறேன். இங்கே சின்னப் பிள்ளைகளுக்குக் கோ-கோ சொல்லித் தருகிற இடம் யாருக்காவது தெரியுமா?

ஓய்வு பெற்ற பி.டி. வாத்தியார், ஈரோடு:
அண்ணா விளையாட்டரங்கத்தில் மாவட்ட விளையாட்டு அலுவலரைப் பாருங்கம்மா. மாலையில் போனால் வகுப்பு நடப்பதையும் பார்த்துவிட்டு வரலாம்.