புதுப்பிப்பு: ராட்டினம் சுற்றத் தொடங்கிவிட்டது
இயந்திரத் திருவிழாவில் நடக்கும் கனவுக் காமிக்ஸ் ஒன்றை வரைகிறேன், அதில் நீராவிக் குதிரை ராட்டினம் மட்டும் உயிரில்லாமல் நிற்கிறது என்று முன்பு புலம்பியிருந்தேன். விடை கூரையடியில் இருந்தது. பழைய ஆங்கிலேய ராட்டினங்களில் குதிரைகளைத் தூக்கி இறக்குவது தலைக்கு மேல் சுழலும் வளைதண்டுதான் (கிராங்க்). ஆகவே பக்கத்தின் மேல்பாதி முழுக்கப் பல்சக்கரமும் எண்ணெய்க் கறையும்!

அடுத்தது ஆர்கன், அதாவது ராட்டினத்துக்கு இசை தரும் குழல் இசைக்கருவி. 1892-இல் பாரிஸின் கவியோலி நிறுவனம் காப்புரிமை பெற்ற முறையில், துளையிட்ட மடிப்பு அட்டையைப் படித்து அது இசைக்கும். என் ஆர்கன் துளையிட்ட டிக்கெட்டுகளைத் தின்று, வந்தவர்கள் மறந்துபோன பெயர்களை ஊதுகிறது.

காமிக்ஸில் வசனமே வேண்டாம் என்று முன்பு சொன்னவர்களுக்கு: எல்லா வசனத்தையும் எடுத்துவிட்டேன், டிக்கெட் கொடுப்பவரின் ஒற்றை வரியைத் தவிர. அதை வெட்ட மனம் வரவில்லை.